இருவழித் திண்ம ஆக்சைடுக் கலங்களில் காற்று மின்வாய்: பொருள்களின் வரலாறு

இருவழித் திண்ம ஆக்சைடுக் கலம் என்பது ஒரே அமைப்பில் இரண்டு வேலைகளைச் செய்யும் பீங்கான் மின்கலம் ஆகும். ஹைட்ரஜனும் காற்றும் செலுத்தப்படும்போது அது எரிபொருள் கலமாக இயங்கி மின்சாரம் தருகிறது. மின்சாரம் மிகுதியாக இருக்கும்போது அதே கலத்தில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால், நீராவியைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் உண்டாக்குகிறது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தையும் பருவத்தில் மிஞ்சும் காற்றாலை மின்சாரத்தையும் ஹைட்ரஜனாகச் சேமித்து, தேவைப்படும்போது மீண்டும் மின்சாரமாக்க இக்கலம் பயன்படும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

இந்த எதிர்பார்ப்பு நிறைவேறுவதற்குப் பெருந்தடையாக இருந்து வந்தது கலத்தின் ஆயுள். அதிலும் காற்றுப் பக்கம் இருக்கும் மின்வாயின் ஆயுள் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. ஐந்தாண்டு இடைவிடாத இயக்கம் என்றால் 43,800 மணி நேரம். ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு விழுக்காடு என்ற அளவில் கலத்தின் திறன் குறைந்தாலும், 40,000 மணி நேர முடிவில் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விடும். ஆகவே காற்று மின்வாய்ப் பொருள்களின் வரலாற்றில், முதல் நாளில் நன்றாக இயங்கும் பொருளைக் கண்டுபிடிப்பதைவிட, பல்லாயிரம் மணி நேரம் தன் அண்டைப் பொருள்களோடு ஒத்துவாழும் பொருளைக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்துள்ளது.

கலத்தின் அமைப்பு

திண்ம ஆக்சைடுக் கலத்தில் மூன்று அடுக்குகள் உள்ளன. நடுவில் ஆக்சிஜன் அயனிகளை மட்டும் கடத்தும் அடர்த்தியான பீங்கான் மின்பகுளி இருக்கும். இது பெரும்பாலும் இட்ரியா கலந்த சிர்க்கோனியா ஆகும். அதன் ஒரு பக்கம் நிக்கலும் சிர்க்கோனியாவும் கலந்த எரிபொருள் மின்வாய். மறுபக்கம் துளைகள் நிறைந்த காற்று மின்வாய். கலம் பொதுவாக 600 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலையில் இயங்குகிறது. இவ்வளவு சூட்டில் இயங்குவதில் ஒரு நன்மை உண்டு. 800 டிகிரியில் நீராவியைப் பிரிக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மின்சாரமாகக் கொடுக்காமல் வெப்பமாகவே கொடுத்துவிடலாம்.

எரிபொருள் கலமாக இயங்கும்போது, காற்றில் உள்ள ஆக்சிஜன் மூலக்கூறு காற்று மின்வாயில் நான்கு எலக்ட்ரான்களைப் பெற்று இரண்டு ஆக்சைடு அயனிகளாகி மின்பகுளிக்குள் நுழைகிறது. மின்னாற்பகுப்பில் இது தலைகீழாக நடக்கிறது. மின்பகுளி வழியாக வரும் அயனிகள் எலக்ட்ரான்களை இழந்து ஆக்சிஜன் வளிமமாக வெளியேறுகின்றன. சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் மின்னோட்டத்தில் இயங்கும் கலம், அந்தச் சிறு பரப்பிலிருந்து மணிக்கு 200 மில்லிலிட்டருக்கும் சற்று மேலான ஆக்சிஜனை வெளியிட வேண்டும் (திட்ட வெப்ப, அழுத்த நிலையில் அளந்தால்). இவ்வளவு வளிமம் பிறக்கும் இடம் மின்வாயும் மின்பகுளியும் சந்திக்கும் மெல்லிய எல்லைப் பகுதிதான்.

காற்று மின்வாய்க்கான பொருள் பல நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்ற வேண்டும். எலக்ட்ரான்களை நன்றாகக் கடத்த வேண்டும். ஆக்சிஜன் வினையை விரைவுபடுத்த வேண்டும். சூடான காற்றில் சிதையாதிருக்க வேண்டும். மின்பகுளியோடு வேதிவினை புரியக் கூடாது. சூடேறும்போது மின்பகுளி விரியும் அளவுக்கே தானும் விரிய வேண்டும். இவற்றில் ஒன்றை நிறைவேற்றிய பொருள் மற்றொன்றில் தவறியதே இத்துறையின் வரலாறு நெடுகக் காணப்படுகிறது.

நெர்ன்ஸ்ட் விளக்கும் முதல் கலமும்

சிர்க்கோனியா மின்பகுளியின் கதை ஒரு மின்விளக்கில் தொடங்குகிறது. ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் பணியாற்றிய வால்தர் நெர்ன்ஸ்ட், 1890-களின் இறுதியில், ஏறத்தாழ 85 விழுக்காடு சிர்க்கோனியாவும் 15 விழுக்காடு இட்ரியாவும் கலந்த சிறு தண்டு, சூடேறியபின் மின்சாரத்தைக் கடத்தி வெண்ணொளி வீசுவதைக் கண்டார். குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், விளக்கை எரியவைக்க முதலில் தண்டைச் சூடாக்க வேண்டியிருந்தது. ஏ.ஈ.ஜி. நிறுவனம் இதன் உரிமத்தை வாங்கி, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்சிப்படுத்தியது. உலோக இழை விளக்குகள் வந்ததும் இவ்விளக்கு வழக்கொழிந்தது. ஆனால் அந்தப் பீங்கான் கலவை நிலைத்துவிட்டது.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் எமில் பாவுரும் ஹான்ஸ் பிரைஸும் 1937-இல் இக்கலவையை மின்பகுளியாக வைத்து முதல் திண்ம ஆக்சைடு எரிபொருள் கலத்தை உருவாக்கினர். காற்றுப் பக்க மின்வாயாக அவர்கள் பயன்படுத்தியது மாக்னட்டைட் என்னும் இரும்பு ஆக்சைடு. கலம் இயங்கியது, ஆனால் மின்தடை மிகுதியாக இருந்ததால் பயனுள்ள அளவுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. 1943-இல் கார்ல் வாக்னர் இப்பீங்கான் மின்சாரத்தைக் கடத்தும் விதத்தை விளக்கினார். சிர்க்கோனியத்தின் சில இடங்களில் இட்ரியம் அமரும்போது படிகத்தில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய இடங்கள் சில காலியாகின்றன. அண்டை அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அக்காலியிடங்களுக்குத் தாவுவதால் மின்னோட்டம் நிகழ்கிறது. பிற்காலத்தில் மின்வாய்ப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கவும் இந்தக் காலியிடக் கருத்தே அடிப்படையாக அமைந்தது.

பிளாட்டினத்திலிருந்து கோபால்டைட்டு வரை

1962-இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வைஸ்பார்ட், ரூக்கா ஆகியோர் பிளாட்டின மின்வாய்களைக் கொண்ட கலத்தை வெளியிட்டனர். பிளாட்டினம் காற்றில் சிதையாது. எலக்ட்ரான்களை நன்றாகக் கடத்தும். அதன் விலையோ மின்நிலையங்களுக்குக் கட்டுப்படியாகாதது. எனவே 1960-களில் ஆய்வாளர்கள் ஆக்சைடுகளின் பக்கம் திரும்பினர்.

அவர்களின் கவனத்தை ஈர்த்தவை பெரோவ்ஸ்கைட்டு வகைச் சேர்மங்கள். 1839-இல் உரால் மலைப்பகுதிக் கனிமம் ஒன்றுக்கு இடப்பட்ட இப்பெயர், அதே படிக அமைப்பைக் கொண்ட எல்லாச் சேர்மங்களுக்கும் வழங்குகிறது. இவ்வமைப்பில் பெரிய அயனிகளுக்கு ஓரிடமும் சிறிய அயனிகளுக்கு ஓரிடமும் உண்டு. இரண்டிலும் வெவ்வேறு தனிமங்களை மாற்றி அமர்த்தலாம் என்பதால், ஒரே கட்டமைப்பில் பலவகைப் பண்புகளைப் பெற முடிகிறது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டெட்மன், ஸ்பேசில், மிட்டாஃப் ஆகியோர் 1969-இல் வெளியிட்ட ஆய்வு கோபால்டைட்டு மின்வாய்களைப் பற்றியது. இவை தொடக்கத்தில் சிறப்பாக இயங்கின. நாள்கள் செல்லச்செல்ல மின்பகுளியோடு வினைபுரிந்து திறன் இழந்தன. அதே ஆண்டில் ஸ்பேசிலும் டெட்மனும் திண்ம ஆக்சைடுக் கலத்தில் நீராவியைப் பிரிப்பது குறித்த ஆய்வையும் வெளியிட்டனர். ஆக, கலத்தை இரு திசைகளிலும் இயக்கும் எண்ணமும், காற்று மின்வாயின் ஆயுள் பற்றிய கவலையும் ஒரே காலத்தில் தோன்றியவை.

கோபால்டைட்டின் மற்றொரு குறை அதன் வெப்பவிரிவு. ஒரு மீட்டர் நீளமுள்ள சிர்க்கோனியாத் தண்டின் வெப்பநிலை 800 டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள ஸ்ட்ரான்சியம் கலந்த லாந்தனம் கோபால்டைட்டுத் தண்டு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் நீளும். ஒன்றோடொன்று ஒட்டவைக்கப்பட்ட இரு பீங்கான்கள் இவ்வாறு வெவ்வேறு அளவில் விரிந்தால் விரிசலோ உரிதலோ நேர்வது இயல்பு.

மாங்கனைட்டின் காலம்

இச்சிக்கலுக்கு விடையாக வந்தது ஸ்ட்ரான்சியம் கலந்த லாந்தனம் மாங்கனைட்டு. நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கர், வான் சான்டன் ஆகியோர் 1950-இல் இவ்வகைச் சேர்மங்களை அவற்றின் காந்தப் பண்புக்காக ஆராய்ந்திருந்தனர். 1970-களில் மின்வாய் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொண்டனர். மேற்சொன்ன கணக்கில் மாங்கனைட்டுத் தண்டு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்தான் நீளும். அதாவது சிர்க்கோனியாவோடு நன்கு பொருந்தும்.

இப்பொருளிலும் குறைகள் இருந்தன. கலத்தைச் சுட்டெடுக்கும்போது வெப்பநிலை மிகுந்தால், மாங்கனைட்டும் சிர்க்கோனியாவும் சேரும் இடத்தில் லாந்தனம் சிர்க்கோனேட்டு என்னும் மின்சாரத்தைக் கடத்தாத படலம் உருவாயிற்று. ஜப்பானிய ஆய்வாளர் யோக்கோக்காவாவின் வெப்ப இயக்கவியல் கணக்கீடுகள் இவ்வினைகள் எப்போது நிகழும் என்பதைத் தெளிவாக்கின. லாந்தனத்தின் அளவைச் சற்றே குறைத்துக் கலவையைத் தயாரித்தால் படலம் உருவாவதைக் கட்டுப்படுத்தலாம் என்பது தெரியவந்தது.

இரண்டாவது குறை, மாங்கனைட்டு எலக்ட்ரான்களை நன்கு கடத்தினாலும் ஆக்சிஜன் அயனிகளை மிகக் குறைவாகவே கடத்தும் என்பது. ஆகவே காற்று, மின்வாய், மின்பகுளி ஆகிய மூன்றும் சந்திக்கும் கோடுகளில் மட்டுமே வினை நிகழ்ந்தது. மாங்கனைட்டையும் சிர்க்கோனியாவையும் பொடியாக்கிக் கலந்து, அத்தகைய சந்திப்புகளைப் பெருக்கி இக்குறையைச் சமாளித்தனர்.

வெஸ்டிங்ஹவுஸின் குழாய் வடிவக் கலங்களில் மாங்கனைட்டுக் குழாயே பிற அடுக்குகளைத் தாங்கும் உடலாகவும் ஆனது. இத்தகைய கலங்களைக் கொண்ட 100 கிலோவாட் நிலையம் 1990-களின் இறுதியில் நெதர்லாந்தின் வெஸ்டர்வோர்ட்டில் நிறுவப்பட்டு 16,000 மணி நேரத்துக்கும் மேல் இயங்கியது. ஜெர்மனியில் டார்னியர் நிறுவனம் 1970-களிலும் 1980-களிலும் ஹாட் எல்லி என்ற திட்டத்தில் குழாய்க் கலங்களைக் கொண்டு உயர்வெப்ப மின்னாற்பகுப்பை வளர்த்தது. எண்ணெய் விலை சரிந்து மலிவான எரிபொருள் கிடைத்த காலத்தில் ஹைட்ரஜன் தயாரிப்பின் மீதான ஆர்வம் தணிந்தது. மின்னாற்பகுப்புப் பணி பல ஆண்டுகள் பின்தங்கியது.

வெப்பநிலைக் குறைப்பும் கலப்புக் கடத்திகளும்

1,000 டிகிரியில் இயங்கும் கலங்களுக்கு விலைமிகுந்த பீங்கான் இணைப்புத் தகடுகள் தேவைப்பட்டன. வெப்பநிலையை 700 முதல் 800 டிகிரிக்குக் குறைத்தால் எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த வெப்பநிலையில் மாங்கனைட்டின் வினைவேகம் போதாது. அயனிகளையும் எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கடத்தும் பொருள் தேவைப்பட்டது.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் தெராவோக்காவும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு ஆகியவை அடங்கிய பெரோவ்ஸ்கைட்டுகள் வழியாக ஆக்சிஜன் ஊடுருவிச் செல்வதை அளந்து வெளியிட்டனர். அவர்களின் நோக்கம் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் சவ்வு. பின்னர் இதே குடும்பம் காற்று மின்வாயாகப் பரவலாயிற்று. இரும்பின் பங்கைக் கூட்டினால் வெப்பவிரிவு குறைந்தது. மின்வாயின் உட்பரப்பின் பெரும்பகுதி வினையில் பங்கேற்றதால் மின்தடையும் குறைந்தது.

இங்கும் அண்டைப் பொருளோடு பகை எழுந்தது. இக்கலவையில் உள்ள ஸ்ட்ரான்சியம் சிர்க்கோனியாவை நோக்கி நகர்ந்து, மின்சாரத்தைக் கடத்தாத ஸ்ட்ரான்சியம் சிர்க்கோனேட்டாக மாறியது. இதைத் தடுக்க, கடோலினியம் கலந்த சீரியம் ஆக்சைடாலான மெல்லிய தடுப்பு அடுக்கு இரண்டுக்கும் இடையில் வைக்கப்பட்டது. அந்த அடுக்கில் துளைகள் இருந்தால் ஸ்ட்ரான்சியம் அவற்றின் வழியே கசிந்துவிடும் என்பதால், அதை அடர்த்தியாக அமைப்பது தனி ஆய்வுப் பொருளாயிற்று. ஸ்ட்ரான்சியம் மின்வாயின் வெளிப்பரப்புக்கும் ஒதுங்கி வினையை மந்தமாக்குவதுண்டு.

2004-இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் சோங்பிங் ஷாவோவும் சொசினா ஹெய்லும் பேரியம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு அடங்கிய பெரோவ்ஸ்கைட்டை அறிமுகப்படுத்தினர். 600 டிகிரியிலேயே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட் திறன் கிடைத்தது. ஆனால் காற்றில் உள்ள கரியமில வளிமத்தோடு பேரியமும் ஸ்ட்ரான்சியமும் சேர்ந்து கார்பனேட்டாகும் போக்கும், நீண்ட இயக்கத்தில் படிக அமைப்பு மாறும் போக்கும் இப்பொருளுக்கு உண்டு. வேகமும் நிலைப்பும் ஒரே பொருளில் அமைவது அரிது என்பதற்கு இது மற்றொரு சான்றாயிற்று.

குரோமிய நச்சேற்றம்

எஃகுத் தகடுகளின் வருகை புதிய எதிரியையும் கொண்டுவந்தது. எஃகின் மேற்பரப்பில் உருவாகும் குரோமியம் ஆக்சைடு, சூடான ஈரக்காற்றில் சிறிதளவு ஆவியாகிறது. அந்த ஆவி காற்று மின்வாயில் மீண்டும் படிந்து வினை நிகழும் இடங்களை அடைத்துவிடுகிறது. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஹில்பர்ட் குழுவினர் 1996-இல் இந்த ஆவிகளின் தன்மையை விளக்கினர்.

தகடுகளுக்கு ஏற்ற எஃகு வகைகளும், மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடுகளாலான காப்புப் பூச்சுகளும் இதன் விளைவாக உருவாயின. யூலிஷ் மையத்தில் 2007 ஆகஸ்டில் 700 டிகிரியில் தொடங்கிய சிறிய எரிபொருள் கல அடுக்கு 2019 ஜனவரி வரை பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. மொத்த நேரம் 1,00,000 மணியைத் தாண்டியது. மின்சாரம் தரும் திசையில் மட்டும் இயக்கினால் காற்று மின்வாயை நெடுங்காலம் வாழவைக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று.

மின்னாற்பகுப்பில் உரிதல்

எதிர்த்திசையில் நிலைமை வேறாக இருந்தது. 2000-களில் அமெரிக்காவின் இடாகோ தேசிய ஆய்வகம் உயர்வெப்ப மின்னாற்பகுப்பை மீண்டும் கையிலெடுத்தது. அங்கு ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் இயக்கப்பட்ட அடுக்குகளை ஆர்கான் தேசிய ஆய்வகத்தினர் பிரித்துச் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்று மின்வாய் மின்பகுளியிலிருந்து பெயர்ந்திருந்தது. எரிபொருள் கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும் மின்வாய், மின்னாற்பகுப்பில் ஏன் உரிகிறது என்ற கேள்வி எழுந்தது.

யூட்டா பல்கலைக்கழகத்தின் அனில் விர்க்கார் 2010-இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். மின்பகுளி வழியாக வரும் ஆக்சிஜன் மின்வாய் வழியே விரைவாக வெளியேற முடியாவிட்டால், எல்லைப் பகுதியில் மின்பகுளிக்கு உள்ளேயே மிக உயர்ந்த ஆக்சிஜன் அழுத்தம் உருவாகி அடுக்கைப் பிளந்துவிடும் என்றார். அதே ஆண்டு டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தினர், மிகுந்த மின்னோட்டத்தில் இயங்கிய கலங்களில் சிர்க்கோனியாப் படிகத் துகள்களின் எல்லைகளில் நுண்ணிய துளைகள் தோன்றியிருப்பதைக் காட்டினர். ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொங்ஃபா சென், சான் பிங் ஜியாங் ஆகியோர் 2011-இல், எல்லைப் பகுதியில் மாங்கனைட்டுத் துகள்களே நொறுங்கி நுண்துகள்களாவதை உரிதலுக்குக் காரணமாகக் கூறினர். விளக்கங்கள் வேறுபட்டாலும், சேதம் தொடங்கும் இடம் எல்லைப் பகுதியே என்பதில் அவை ஒத்துப்போயின.

திசைமாற்றம் தந்த தீர்வு

ஒரே திசையில் இயங்கும் கலத்துக்கே இவ்வளவு தொல்லை என்றால், இரு திசைகளிலும் மாறிமாறி இயங்கும் கலம் இன்னும் விரைவாகத் தேயும் என்று எண்ணுவது இயல்பு. 2015-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கிரேவ்ஸ், மோகன்ஸ் மோகன்சன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. மாங்கனைட்டு, சிர்க்கோனியா கலப்பு மின்வாய் கொண்ட கலம் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் அளவில் இடைவிடாமல் மின்னாற்பகுப்பில் இயங்கியபோது விரைவாகத் தேய்ந்தது. அதே வகைக் கலத்தை இடையிடையே எரிபொருள் கலமாகத் திருப்பி இயக்கியபோது, ஏறத்தாழ 4,000 மணி நேரம் வரை அத்தகைய தேய்வு தோன்றவில்லை.

எல்லைப் பகுதியில் சேரும் ஆக்சிஜன் அழுத்தம், நிலையான சேதத்தை உண்டாக்கும் முன்பே எதிர்த்திசை ஓட்டத்தால் தணிந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இருவழி இயக்கம் கலத்துக்குச் சுமை என்ற கருத்து இதனால் மாறியது. எனினும் இது எல்லா நிலைகளுக்கும் பொருந்தும் பொது மருந்து அன்று. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் பார்னெட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட சோதனைகள், மின்னோட்டத்தின் அளவு கூடும்போது திசைமாற்றத்திலும் தேய்வு நேரலாம் என்பதைக் காட்டியிருந்தன. எவ்வளவு மின்னோட்டம், எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பம் என்பவை பொருளின் தேர்வைப் போலவே முக்கியம் என்பது இவற்றால் விளங்கியது.

செவ்வாயில் ஒரு சோதனை

திண்ம ஆக்சைடு மின்னாற்பகுப்பு நீராவியோடு நிற்பதில்லை. கரியமில வளிமத்தையும் பிரிக்கும். திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்ற கே. ஆர். ஸ்ரீதர், 1990-களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, செவ்வாயின் வளிமண்டலத்திலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் இத்தகைய கருவியை நாசாவுக்காக உருவாக்கினார். அதைக் கொண்டுசெல்லவிருந்த தரையிறங்கு கலத்தின் பயணம் கைவிடப்பட்டது. அதே தொழில்நுட்பத்தை மின்சாரம் தரும் திசைக்குத் திருப்பி 2001-இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் புளூம் எனர்ஜி ஆயிற்று. அந்நிறுவனம் 2021-இல் மின்னாற்பகுப்புக் கருவியையும் அறிவித்தது.

அதே 2021-இன் ஏப்ரல் மாதத்தில், பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி என்னும் கருவி செவ்வாயில் முதன்முறையாக ஆக்சிஜனைத் தயாரித்தது. முதல் இயக்கத்தில் 5.4 கிராம் கிடைத்தது. 2023 வரை 16 இயக்கங்களில் மொத்தம் 122 கிராம் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் கருவி கடுங்குளிரிலிருந்து 800 டிகிரிக்குச் சூடாக்கப்பட்டு மீண்டும் குளிர்விக்கப்பட்டது. அடுக்குகளின் வெப்பவிரிவு பொருந்தாவிட்டால் இத்தனை முறை தாங்கியிராது.

இன்றைய ஆய்வுப் போக்குகள்

தற்போதைய ஆய்வுகளில் மூன்று வழிகள் முதன்மையானவை. முதலாவது, நிக்கலேட்டு வகைச் சேர்மங்கள். லாந்தனம், நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவற்றின் நிக்கலேட்டுகள் தம் அடுக்கமைப்பின் இடைவெளிகளில் கூடுதல் ஆக்சிஜனை ஏற்கவல்லவை. மின்னாற்பகுப்பில் எல்லைப் பகுதியில் சேரும் ஆக்சிஜனுக்கு இது ஒரு வடிகாலாகும் என்பது எதிர்பார்ப்பு. இவற்றில் ஸ்ட்ரான்சியம் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் வேகமாக இயங்கும் பிரசியோடிமியம் நிக்கலேட்டு நீண்ட இயக்கத்தில் சிதைகிறது.

இரண்டாவது, ஊட்டல் முறை. முதலில் நிலையான துளைக்கூட்டை உயர்வெப்பத்தில் சுட்டு, பின்னர் உப்புக் கரைசலைத் துளைகளுக்குள் ஊற்றிக் குறைந்த வெப்பத்தில் நுண்துகள்களாக மாற்றுவது. உறுதியைக் கூட்டுக்கும் வேகத்தை நுண்துகள்களுக்கும் பிரித்துக்கொடுப்பது இதன் நோக்கம். நாளடைவில் நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து பருத்துப்போவதைத் தடுப்பதே இங்குள்ள சவால்.

மூன்றாவது, ஆக்சைடு அயனிகளுக்குப் பதிலாகப் புரோட்டான்களைக் கடத்தும் பீங்கான்களைப் பயன்படுத்துவது. இவை 500 முதல் 600 டிகிரியிலேயே இயங்கக்கூடியவை. இவற்றில் நீராவி காற்றுப் பக்கத்தில் இருப்பதால், மின்வாய் ஈரத்தையும் தாங்கியாக வேண்டும்.

மதிப்பீடு

மாக்னட்டைட்டில் தொடங்கிப் பிளாட்டினம், கோபால்டைட்டு, மாங்கனைட்டு, கலப்புக் கடத்திகள், நிக்கலேட்டுகள் என நீளும் இவ்வரலாற்றில், ஒவ்வொரு பொருளின் வாழ்வையும் அதன் எல்லைப் பகுதியே தீர்மானித்துள்ளது. மாங்கனைட்டு தன் மிதமான வேகத்தோடு பல பத்தாண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், சிர்க்கோனியாவோடு அது ஒத்து விரிந்ததே. இருவழிக் கலத்தின் தேவை பகலிரவாகத் திசை மாறி இயங்குவது. அந்த மாற்றமே சில நிலைகளில் மின்வாயின் ஆயுளை நீட்டுகிறது என்ற கண்டுபிடிப்பு, சூரிய மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு இக்கலங்களை இணைக்க வழிகாட்டுகிறது. ஒரே திசையில் எரிபொருள் கலம் எட்டிய 1,00,000 மணி நேர ஆயுளை இருவழி இயக்கத்திலும் எட்டுவதே இத்துறையின் முன்னுள்ள இலக்காகும்.